மூன்று விரல் விலை

நிம்மதியான தூக்கத்துக்கு என்ன விலை என்று கேட்டால் ஞானிகள் வானத்தைக் காட்டுவார்கள். மதியழகனுக்குச் சரியான தொகை தெரியும்: பதினெட்டு லட்சம். எண்பத்தாறு லட்சம் சொன்ன வீட்டை அறுபத்தெட்டுக்கு முடித்த அன்று அவர் கையில் மிஞ்சியது அதுதான். கையைவிட்டுப் போனது என்ன என்று தெரிய மட்டும் ஒரு ராத்திரி ஆயிற்று.

குடிவந்த அந்த முதல் ராத்திரியில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சமையலறைக் குழாய் சொட்டியது, அவ்வளவுதான். எழுந்து போய் இறுக்கிவிட்டு வந்து படுத்தார். சொட்டியது. மறுபடி போய் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது குழாயின் வாய் காய்ந்திருந்தது; கீழே தொட்டியும், காலையில் பால் காய்ச்சிய பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த ஆடையும்கூடக் காய்ந்திருந்தன. கட்டிலுக்குத் திரும்பியதும் சத்தம் வந்தது. பக்கத்தில் வத்சலா தன் குளிர்ந்த பாதத்தை அவர் கெண்டைக்காலில் ஒட்டவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முப்பத்துமூன்று வருடமாக டெல்லிக் குளிருக்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் அது. அந்தப் பாதத்தை நம்பி அவரும் கண்ணை மூடினார்.

மதியழகன் மத்திய அரசில் கணக்கு அதிகாரியாக இருந்து ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றவர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய ஆறு மாத அவகாசம். அதற்கு மேல் ஒரு நாள் தங்கினாலும் அபராத வாடகை தோலை உரித்துவிடும். ஆகவே கோடை முழுவதும் புருஷனும் பெண்டாட்டியும் ஊர் ஊராகப் பெண் பார்ப்பதுபோலப் புறநகர் புறநகராக வீடு பார்த்தார்கள். துவாரகாவில் வீடு இருந்தது, தண்ணீர் இல்லை. ஃபரீதாபாத்தில் தண்ணீர் இருந்தது. வாயில் வைத்தால் உப்பளம். நொய்டாவில் இருபத்துமூன்றாவது மாடி காட்டினார்கள். வத்சலா கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கருந்து கொத்தமல்லி வாங்க இறங்கினா, ஏறி வர்றதுக்குள்ள வாடிரும்ங்க" என்றாள். அவள் கேட்டது மூன்றே மூன்று: நடக்கிற தூரத்தில் மெட்ரோ, முட்டிக்கு ஒத்துவருகிற மாடி, அவசரத்துக்குக் கதவைத் தட்டத் தமிழ் பேசும் ஒரு வீடு.

மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தது காஜியாபாத் பக்கம், மங்கள் குஞ்ச் என்ற இருபது வருடக் காலனியில். முதல் மாடி. மெட்ரோ ஏழு நிமிடம். எதிர் பிளாக்கில் ஒரு தமிழ்க் குடும்பம். விற்பவர்களே தூத்துக்குடிக்காரர்கள்: நர்ஸ் பிலோமி, அவள் கணவன் ஜெயசீலன். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு பஞ்சாபிக் குடும்பத்திடமிருந்து வாங்கிய வீடு. ஜெயசீலனுக்கு ஈரல் கெட்டுப் பின்னறையில் படுத்த படுக்கை. மாற்று அறுவைக்குப் பணம் வேண்டும், உடனே வேண்டும். இதை எதையும் மறைக்கத் தெரியாமல் காபி கொடுக்கும்போதே பிலோமி சொல்லிவிட்டாள்.

மதியழகனின் அப்பா விருதுநகர்ப் பக்கம் மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் மகனுக்கு விட்டுப்போன சொத்து ஒரு வாக்கியம்: அவசரக்காரன் மாடு அரை விலை. மகன் அதில் வட்டி எடுத்தே வளர்ந்தவர். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க் கடைக்காரன் அவர் வருவதைத் தூரத்தில் கண்டாலே விலையை ஐந்து ரூபாய் ஏற்றி வைப்பான்.

அக்டோபரில் ஒரு நாள் அவர் தனியாக மங்கள் குஞ்சுக்குப் போனார். கையில் ஒரு சட்டை. காலனி வாசலில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரரிடம் அதைக் கொடுத்தார். டெல்லிக் காலனிகளில் எந்த வீட்டுத் துணியில் என்ன கறை என்பது இஸ்திரிக்காரருக்குத்தான் தெரியும். அவரிடம் போட்ட சேதி சாயங்காலத்துக்குள் மடித்து வீடு வீடாகப் போய்விடும். சட்டை சூடேறும் நேரத்தில் மதியழகன் தாழ்ந்த குரலில் ஹிந்தியில் கதை சொன்னார். அந்த முதல் மாடி வீட்டில் பஞ்சாபிகள் காலத்தில் மூன்று சாவு. பின்னறையில் ஒரு ஆண், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டபடி. படிக்கட்டில் ஒரு பெண், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி.

மூன்றாவது யார் என்றார் இஸ்திரிக்காரர்.

மதியழகன் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்: வீட்டுக்காரி. சமையலறையில், தரையில், குழாயைத் திறந்துவிட்டு.

சட்டைக்குப் பத்து ரூபாய் கேட்டதற்கு எட்டு கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு வாரத்தில் விலை படியும் என்பது அவர் கணக்கு. ஆறு வாரம் வீட்டைப் பார்க்க ஒருவரும் படியேறவில்லை. ஏழாவது வாரம் தரகர் பன்சல் போன் செய்தார். ஜெயசீலன் போய்விட்டார், பின்னறையிலேயே, கடைசி இரண்டு நாள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாராம், டாக்டர் கொடுக்கக்கூடாது என்றிருந்தாராம். வீடு இப்போது அறுபத்தெட்டுக்கு வரும் அங்கிள்ஜி, ஜல்தி சொல்லுங்கள் என்றார். மதியழகன் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். அடுத்த நொடியில் சரி என்றார்.

பதிவு அலுவலகத்தில் பெண் பெயரில் பதிந்தால் முத்திரைக் கட்டணத்தில் பத்தாயிரம் குறையும் என்றார்கள். பத்தாயிரம் என்ன தெருவிலா கிடக்கிறது? வத்சலா பெயரில் பதிந்தார். எல்லாம் முடிந்து, வத்சலா போட்டோவுக்கு உட்கார உள்ளே போயிருந்தபோது, பிலோமி சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கறுப்புச் சால்வை போர்த்தியிருந்தாள். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை.

"அண்ணாச்சி, இஸ்திரிக்காரர்ட்ட மூணு பேர்னு சொன்னீயளாம்லா" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஊசி போடும் முன் நர்ஸ் பேசுகிற குரல். "அந்த வீட்டுல அதுவரைக்கும் ஒரு சாவு கெடையாது. பஞ்சாபிக்காரங்க நாலு பேரும் கனடாவுல நல்லா இருக்காங்க. ஆனா நீங்க சொல்லிட்டீய. பெரியவங்க சொல்லு பொய்யாகக் கூடாது பாருங்க. ஒண்ணு நான் குடுத்துட்டேன். ரெண்டாவதும் என் பொறுப்பு. மூணாவது மட்டும் உங்க பங்கு."

மதியழகன் சிரித்து மழுப்பினார். மாடு விற்றவன் வயிறெரிந்து சபிப்பது சந்தையில் சகஜம். மாடு அதற்காகப் பால் கறக்காமல் இருந்ததில்லை.

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். மார்கழியோடு மூடுபனியும் வந்தது. குழாயின் சொட்டு நிற்கவில்லை. வத்சலாவுக்கு அது கேட்கவே இல்லை. அதற்கடுத்துப் பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது: காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பிரிந்து, மறுபடி ஒட்டுகிற சத்தம். ரஜாயை இழுத்துக் காதுவரை போர்த்திக்கொண்டால், அந்தக் கனத்த பஞ்சுப் போர்வைக்குள்ளும் அது அவர் மூச்சின் இடைவெளியில் நுழைந்து, ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைப் பாதிவரை கொண்டுவந்து நிறுத்தியது. சொல்லை முடிக்காமல் விட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆறாம் ராத்திரி ரஜாய்க்குள் ஒரு கை வந்தது.

வத்சலாவின் கை என்றுதான் முதலில் நினைத்தார். அவளோ அந்தப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கன்னத்துக்கடியில் வைத்துப் படுத்திருந்தாள். இந்தக் கை கட்டிலின் வெளிப்பக்கத்திலிருந்து, தரை மட்டத்திலிருந்து, மேலேறி வந்திருந்தது. ஈரமாக, சில்லென்று. அவர் வலது கையைத் தேடிப் பிடித்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து அழுத்தியது. துண்டுக்குள் அப்பா பிடிப்பது போலவே. சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தது. பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் மெதுவாக உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டுப் போயிற்று.

ஒன்று கொடுத்தாயிற்று. தரகர் மகனுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் நாள் விடியலில் பால்காரன் அலறிய சத்தம் மாடி வரை கேட்டது. எதிரில் நீட்டிய கை தெரியாத பனி. படிக்கட்டில் ஒரு பெண், கறுப்புச் சால்வை, சுவரில் சாய்ந்து, யாருக்கோ காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தாள். பிலோமி. எப்போது வந்தாள், எதனால் போனாள் என்று போலீசுக்கும் தெரியவில்லை; குளிராக இருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். வத்சலா அழுதாள். இஸ்திரிக்காரர் கூட்டத்துக்கு வெளியே நின்று மதியழகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி கை வந்தது. இரண்டாவது விரலை மடக்கியது. மோதிர விரலை மட்டும் விடாமல், விடியும்வரை, பிடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்துமூன்று வருடத்துக்கு முன் வத்சலா மோதிரம் போட்ட விரல்.

வீட்டுக்காரி.

பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் படித்தார். உரிமையாளர்: திருமதி வத்சலா. பத்தாயிரம் ரூபாய் மிச்சம்.

கணக்கு அதிகாரி மூளை ஓடியது. முதல் வழி, அவளை வெளியே அனுப்புவது. சரோஜினி நகரில் இருக்கும் அவள் தங்கை ஜ்யோத்ஸ்னா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வா என்றார். வத்சலா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். தூக்கமில்ல, சாப்பாடில்ல. அந்தப் பொண்ணு எதுக்குங்க நம்ம படியில வந்து உக்காந்துச்சு? காரணத்தச் சொல்லுங்க. இப்பவே பொட்டியக் கட்டுறேன்."

சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அந்தப் பாதம் இனி எந்தக் குளிரிலும் அவர் காலைத் தேடாது. காரணம் ஒன்றுமில்லை என்றார். அவள் கீரைக்குத் திரும்பினாள்.

இரண்டாவது வழி, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது. வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதுகிறவருக்குப் போன் போட்டார். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் என்றார் அவர். ஏழு என்றார் மதியழகன். அவர் படியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மதியழகன் போனை வைத்துவிட்டார். ஆயுள் முழுக்கப் பலித்த வித்தை அது, எதிராளி ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிடுவான். இரண்டாயிரம் ரூபாய் வெறும் சாக்கு என்பது உள்ளுக்குள் தெரியாமலில்லை. பெயர் மாறினால் விரலும் ஆள் மாறும். ஒன்பதாயிரத்துக்குத் தன் சாவை வாங்குவதா என்று மனம் துண்டுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தது. அலுவலகம் மூடும் நேரம் வரை போன் அடிக்கவில்லை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை ஒன்பதே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

ஞாயிறு ராத்திரி குளிரில் விழிப்பு வந்தது.

கெண்டைக்காலில் பாதம் இல்லை.

குழாய் சொட்டவில்லை. முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

சால்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்தார். தரை ஈரம். பின்னறையைக் கடக்கும்போது அந்தக் காய்ந்த நாக்கின் சத்தம் கேட்கவில்லை. வேறு சத்தம். மடக், மடக், மடக். யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள். ஆசை தீர.

சமையலறை விளக்கு எரிந்தது.

வத்சலா தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். முடி அவிழ்ந்து தரைவரை நனைந்திருந்தது. தண்ணீர் அவளைச் சுற்றிக்கொண்டு அவர் பாதத்தை நோக்கி வந்தது.

"வத்சலா."

திரும்பவில்லை.

குழாயை மூடினார். சத்தம் நிற்கவில்லை. குழாய் முதலிலேயே மூடித்தான் இருந்தது.

"வத்சலா, சொல்லிர்றேன்மா. காரணத்தச் சொல்லிர்றேன்."

வாசல் பக்கம் படிக்கட்டில் செருப்பில்லாத பாதங்கள் ஏறின. தாழிட்ட கதவு அவற்றைத் தடுக்கவில்லை. கூடம். பின்னறை வாசல். குடிக்கும் சத்தம் நின்று, இன்னொரு ஜோடிப் பாதங்கள் சேர்ந்துகொண்டன. ஸ்பிரிட் வாசனை அவர் பிடரியில் வந்து நின்றது.

கை சால்வைக்குள் நுழைந்தது. மோதிர விரலை மடக்கியது. பிறகு, பேரம் படிந்ததும் சந்தையில் செய்வதுபோல, அவர் கையை ஒரு முறை அழுத்திக் குலுக்கி, விட்டது.

வத்சலாவின் தலை மட்டும் மெல்லத் திரும்பத் தொடங்கியது. அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

நாற்பது வருடப் பழக்கம், அந்த நேரத்திலும் மதியழகன் கணக்கைச் சரிபார்த்தார். சொன்னது மூன்று. பின்னறையில் ஒன்று. படிக்கட்டில் ஒன்று. சமையலறையில் ஒன்று.

பாக்கி இல்லை.