வருகிறேன் என்றால் உள்கதவு

நோய்க்கு எதிரான மனித குலத்தின் நெடும்போர் மழைப்பதிவு ஆவணக் கழகத்தின் திருநெல்வேலி அலுவலகத்தில் முடிவுக்கு வந்துவிட்டது என்று வாசல் பலகை அறிவித்தது. ஐந்தாம் அலையில் இங்கே தொற்று: பூஜ்யம். பலகைக்குக் கீழே வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரில் நான்கு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

வரிசை மூச்சுக்கூண்டுக்காக. அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஒருமுறை ஊதினால், கிருமி இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். "தங்கள் விருப்பம்?" என்று கூண்டு கேட்கும். யாரையும் வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பக் கூடாதென்று சட்டப்பிரிவு சொன்னதால், ஊழியரே வாயால் சொல்ல வேண்டும். 'போகிறேன்' என்றால் தெருக்கதவு திறக்கும். ஏழு நாள் சம்பளத்துடன் ஓய்வு. 'வருகிறேன்' என்றால் உள்கதவு. வேறு சொல் அதற்குத் தெரியாது.

காய்ச்சலும் அதுவுமாக வெறுமனே 'போறேன்' என்று சொல்ல எந்த வாய் துணியும்? எல்லோரும் "போயிட்டு வாரேன்" என்றார்கள். கூண்டு கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்கதவைத் திறந்தது. இயந்திரமே கூப்பிடும்போது நமக்கென்ன என்று அவர்களும் உள்ளே போய் உட்கார்ந்து இருமினார்கள். ஓய்வில் போனவர் எவருமில்லை. ஆகவே நோயாளியும் இல்லை. இந்தக் கணிதத்தை வைத்து நோய்த்தடுப்புத் தலைவர் அறவாழி மாநில விருதுக்கு விண்ணப்பித்திருந்தார்.

போன அலையில் வசுமதியும் அப்படித்தான் உள்ளே போனாள். இன்று முடியாது. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட மரியசெல்வி எட்டு மாதம் கழித்து இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. ஒரு சளி போதும், அவளைப் படுக்கையில் தள்ள.

வசுமதி ஊதினாள். சிவப்பு.

"வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"நல்வரவு." உள்கதவு திறந்தது.

"வீட்டுக்குன்னு சொல்லுதேன்லா. போயிட்டு..." நாக்கு கேட்கவில்லை. "...வாரேன்."

"நல்வரவு."

வெளியே, வரிசையில் அடுத்து நின்ற பதிவறைக் கந்தையா கண்ணாடியைத் தட்டினார். "ஏ வசுமதி, பேசாம உள்ள போயேன். வெயில்ல காயுதோம்லா."

"உள்ள மரியசெல்வி இருக்கா அண்ணாச்சி. அந்த ஒத்தச் சொல்லச் சொன்னாத்தான் இது வெளிய விடும்."

"வாயக் கழுவு. காய்ச்சக்காரி சொல்லுத சொல்லா அது?"

"அப்ப எனக்குப் பதிலா நீங்க சொல்லுங்க."

"ஏன், என் வாயி என்ன ஓசிக்கா கெடக்கு?"

அறவாழி உள்ளிருந்து வந்தார். மூன்றடுக்கு முகக்கவசம் தாடையில் தொங்கியது. "என்னம்மா தகராறு? கூண்டே வாங்கன்னு சொல்லுதுல்ல. நாளைக்கு விருதுக் குழு வருது. பூஜ்யத்துல கை வச்சிராதீங்க."

"காய்ச்சல் அடிக்குது சார்."

"அதோட வேலைக்கு வர்றீங்க பாருங்க, அந்த மனப்பாங்குக்குத்தான் விருதே."

அவருக்குப் பின்னால், தூரத்திலேயே நின்றாள் மரியசெல்வி. "வசு, எனக்காக அதச் சொல்லாதட்டி. நான் சன்னல் பக்கமா தள்ளி உக்காந்துக்கிடுதேன்."

வசுமதி அவளைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் பாதியாகியிருந்தாள். சன்னல் எந்தக் காலத்திலோ ஆணி அடித்து மூடப்பட்டது என்பது இருவருக்கும் தெரியும். வசுமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் போறேன்."

அபசகுனம் கழியட்டும் என்று கந்தையா மூன்று முறை துப்பினார். அவரைப் பார்த்து வரிசையே துப்பியது. தெருக்கதவு திறந்தது. வசுமதி எச்சிலைத் தாண்டித் தாண்டி நடந்து போனாள்.

வாசல் பலகையில் பூஜ்யம் ஒன்றாக மாறியது.  விருதுக் குழு வருமுன் அறவாழி அந்த ஒன்றை அழித்தாக வேண்டும். கூடத்துப் பெருந்திரைக்கு ஓடிப்போய்க் கூண்டின் பதிவேட்டைத் திறந்தார். 'சிவப்பு விளக்கிலும் பணிக்கு வந்தோர்' என்ற பட்டியல், நாள் எண்ணிக்கைப்படி வரிசையாக விரிந்தது. கூடமே நிமிர்ந்து பார்த்தது. அவர் மூடுபொத்தானைத் தேடினார். அது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை.

"சார், மொத பேரு உங்க பேருலா," என்றாள் மரியசெல்வி.

அறவாழி, ஏழு நாள். இன்றும் சேர்த்து.

காலையில் வரவேற்புப் படத்துக்காக முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு மரியசெல்வியின் பக்கத்தில் நெருங்கி நின்றவர் அவர்தான். முதல் படத்தில் கண் மூடிவிட்டதால் இரண்டு முறை எடுத்தார்கள்.