வெளுத்த உள்ளங்கை

விருத்தாசலம் பஸ் நெய்வேலி டவுன்ஷிப்பில் இறக்கிவிட்டபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் பையுமாகக் கமலா தங்கை வீட்டைத் தேடி நடந்தாள். எமர்ஜென்சி முடிந்து, தேர்தல் சத்தமும் ஓய்ந்திருந்த கோடை அது. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி. கொடிகளில் காய்ந்த வெள்ளை வேட்டிகளில் சுரங்கத்துக் கரித்தூள் மெல்லிசாகப் படிந்திருந்தது.

கமலாவைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. உடுமலைப்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை. "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் ரத்தம் என்ன சொல்கிறது என்று தினம் தினம் பார்க்கிறவள் வேறு எப்படி இருப்பாள்? பால்காரனை நம்ப மாட்டாள். ஜோசியக்காரனை நம்பவே மாட்டாள். தாயில்லாத தங்கை புஷ்பவல்லி தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். 'கொஞ்சம் களைப்பு, வேறொன்றுமில்லை' என்று அவள் எழுதியதையும் கமலா நம்பவில்லை. வீட்டுக்காரரைத் தானே பொங்கித் தின்னச் சொல்லிவிட்டு லீவு போட்டுக் கிளம்பி வந்துவிட்டாள்.

வாசலுக்கு வந்து "வாக்கா" என்று சிரித்த தங்கையிடம் அவள் நலம்கூட விசாரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தங்கையின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு என்பதே இல்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகைகளில் மட்டும் கொஞ்சம் ரோஸ் நிறம் மிச்சமிருந்தது.

"ஏங் கண்ணு, டாக்டர் குடுத்த மாத்திரையத் திங்கறயா, சாக்கடையில போடறயா?"

"தின்னுட்டுத்தான் இருக்கறேன். வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டயே!"

சாயங்காலமே கமலா பையிலிருந்து சோதனைச் சாமான்களை எடுத்துவிட்டாள். மோதிர விரலில் ஊசியால் ஒரு குத்து. முளைத்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி, அமிலத்தில் விட்டு, அது பழுப்பானதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகிற இடத்தில் ஹீமோகுளோபின் அளவு தெரியும். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டுத்தான் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதற்கு 'மைக்ரோசைட்டிக் ஹைப்போகுரோமிக் அனீமியா' என்று நீளமாக ஒரு பெயர் சொன்னார். இரும்புச்சத்து இல்லாமல் சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளுத்து, மைக்ராஸ்கோப்பில் மெல்லிய வளையல்களைக் கொட்டிவைத்த மாதிரி தெரியும். கமலாவின் ஊரில் இதற்குச் சோகை என்று பெயர். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் வெளுப்பு என்பார்கள்.

"பிரசவத்துக்குள்ள ஏத்தியாகணும். இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டுப் பிரசவமானா, கொஞ்சம் அதிகமாப் போனாலும் தாங்க மாட்டா" என்றார் டாக்டரம்மா.



சத்தத்தை அவள் முதலில் கேட்டது ஒரு நடுப்பகலில். தங்கையின் புருஷன் சண்முகசுந்தரம் ஷிப்டுக்குப் போயிருந்தான். தெருவில் ஈ காக்கை இல்லை. தூரத்தில் சுரங்கத்து யந்திரம் மட்டும் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலுக்கு நடுவில், வீட்டின் பின்பக்கத்திலிருந்து வேறொரு சத்தம்.

கறுக். கறுக்.

யாரோ எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

கமலா பூனை மாதிரி நடந்து பின்தாழ்வாரத்துக்குப் போனாள். யாருமில்லை. அடுப்பெரிக்க வாங்கி வைத்திருந்த லெக்கோ கரி மூட்டை அவிழ்ந்து கிடந்தது. தரையில் கரித்துண்டுகள் நொறுங்கிக் கிடந்தன. தொட்டுப் பார்த்தாள். எச்சிலில் ஊறி, சொதசொதவென்று இருந்தன. பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சு நாக்கால் நக்கி எடுத்தாற்போல வழவழவென்று தேய்ந்திருந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தாள். ரத்தத்தில் இரும்பு குறைந்தால் சிலருக்கு மண், சாம்பல், கரி, சுண்ணாம்பு என்று தின்னத் தோன்றும். பைகா என்று அதற்குப் பெயர். தின்னத் தின்ன, சாப்பாட்டிலிருக்கும் இரும்பும் உடம்பில் ஒட்டாமல் போகும்.

முன்னறையில் படுத்திருந்த புஷ்பவல்லியை உலுக்கி எழுப்பினாள். "வாயத் தொற!"

"என்னக்கா?"

"தொறடின்னா!"

பல் வெள்ளையாக இருந்தது. நாக்கு வெளுத்து மழமழவென்று இருந்தது. கரியின் சுவடே இல்லை.

"கொப்பளிச்சுட்டு வந்து படுத்துட்டயா? கெட்டிக்காரிதான்."

"வயித்துல இருக்கற புள்ள மேல சத்தியமாச் சொல்றேன், நான் கரியத் தொடவே இல்லக்கா!" தங்கை அழுதுவிட்டாள். கமலாவுக்கும் மனசு கரைந்தது. ஆனால் நம்பவில்லை.

அன்றே கரி மூட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறினாள். துளசித் தொட்டியைக் கவிழ்த்து மண்ணை வெளியே கொட்டினாள். தேய்ந்த சுவரில் தார் பூசினாள். திருநீற்றுக் கிண்ணத்தைக்கூடப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"சாமிக்கு வெக்கற துணூறையுமா அண்ணி?" என்று சண்முகசுந்தரம் சிரித்தான்.

"உங்களையுந்தான் தம்பி சந்தேகப்படறேன். இந்த வீட்டுல இதுக்கு முன்னாடி யாரு இருந்தாங்க?"

"ஒரு மதுரைக்காரர். டிரான்ஸ்பர்ல போனார், குடும்பத்தோட நல்லாத்தான் இருக்கார். இங்க யாரும் சாகலை. வர்றப்பவே விசாரிச்சுட்டேன்."

மறுவாரம் தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்த்தாள். புழு இல்லை. அடுத்த நாள் மாட்டிக்கொண்டவள், வேலைக்கு வருகிற வள்ளியம்மாள். பாத்திரம் துலக்கக் குனிந்தபோது அவள் முந்தானை முடிச்சு அவிழ்ந்து, ஒரு கை அளவு செம்மண் கொட்டியது.

"என்னடி இது? சூனியமா?"

"ஐயோ, அப்படில்லாம் சொல்லாதீங்கம்மா!" வள்ளியம்மாள் பதறிப்போனாள். "அம்மாதான் கேட்டாங்க. சொரங்கத்து மேட்டு மண்ணு. பின்கதவு இடுக்குல கைய நீட்டிக்கினு, 'பசிக்குது, மண்ணு குடு'ன்னு கேட்டாங்க. மசக்கைக்காரி வாய்விட்டுக் கேக்கறத இல்லன்னு சொன்னா பாவங்க."

"எப்ப கேட்டா?"

"தெனமுந்தான். நேத்திக்கு மதியங்கூட வந்து குடுத்துட்டுப் போனேனே."

நேற்று மதியம் அக்காளும் தங்கையும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. சாவி கமலாவின் இடுப்பில் இருந்தது.

"மொகத்தப் பாத்தயா?"

"இல்லீங்க. கை மட்டுந்தான். வெள்ளவெளேர்னு இருந்துச்சி. உள்ளங்கையில ஒரு ரேகைகூட இல்லீங்க. ஐயோ பாவம், ரத்தமே இல்லாம பூட்டாங்களேன்னு நெனச்சிக்கினே போனேன்."

கமலா இடுப்பிலிருந்த சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் அவள் கமலா. இவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினாள். நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றாள். அந்த மண்ணைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, ஊருக்குப் போய்ச் சோதிக்கலாம் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

வள்ளியம்மாள் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். "இந்த வூடெல்லாம் கட்டறதுக்கு முன்னாடி இங்கதாங்க எங்க ஊரு" என்றாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று கமலா கேட்கவில்லை.

அதன் பிறகு மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. வீட்டில் தின்ன ஒரு துணுக்கு மண்ணில்லை, கரியில்லை. கமலாவுக்குத் தன் மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது. முருங்கைக்கீரையும் வெல்லமுமாகத் தங்கைக்கு ஊட்டினாள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை விரலில் குத்திச் சோதித்தாள்.

எட்டு, ஏழானது.

ஏழு, ஆறானது.

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "ரத்தம் வெளியில போகல. உள்ள உடைஞ்சா மஞ்சள் காமாலை தெரியணும், அதுவும் இல்ல. அப்ப ரத்தம் எங்கதான் போகுது? நாளைக்குக் காலைல அட்மிட் பண்ணுங்க, ரத்தம் ஏத்தலாம்."

அன்று மத்தியானம், காற்றுக்காகப் பின்கதவு ஓரம் பாய் விரித்துப் புஷ்பவல்லி தூங்கினாள். கமலா சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சப்... சப்...

கை அப்படியே நின்றது.

மெல்லுகிற சத்தம் இல்லை இது. பால் குடிக்கிற சத்தம்.

எட்டிப் பார்த்தாள். தங்கை அசையாமல் தூங்கினாள். அவளுடைய இடது கை, சாத்தியிருந்த கதவின் அடி இடுக்கு வழியாக, மணிக்கட்டு வரை வெளியே போயிருந்தது. தூக்கத்தில் நழுவியிருக்கும் என்று கமலா குனிந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

கை வரவில்லை.

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

காலை நிலைப்படியில் ஊன்றிக்கொண்டு வெறிபிடித்தவள் போல் இழுத்தாள். கை விடுபட்டு வந்தது. மோதிர விரல் வெகுநேரம் தண்ணீரில் ஊறியது போல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவள் ஊசி குத்திய இடங்கள் ஒன்றுகூட மூடவில்லை. அத்தனையும் வாய் திறந்து கிடந்தன. அழுத்தினாலும் ஒரு சொட்டு வரவில்லை.

கடவுளே, நானா! கமலா தலையில் அடித்துக்கொண்டாள். மண்ணைத் தின்று பசியாறிக்கொண்டிருந்தது அது. அந்த மண்ணைப் பூட்டி வைத்தது யார்? தங்கையின் விரலில் வழி திறந்து காட்டியது யார்?

ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்த மண் பொட்டலத்தைக் கொண்டுவந்து இடுக்கில் தள்ளினாள். "இந்தா! தின்னு! தின்னுட்டுப் போயிரு!"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு மண் மெல்ல, மெல்ல, உள்ளே திரும்பித் தள்ளப்பட்டது. தள்ளிய விரல்கள் கண்ணில் பட்டன. நகக்கண் வரை வெளுப்பு.

"அது வேணாம்."

புஷ்பவல்லியின் குரல். புஷ்பவல்லி கமலாவின் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கமலாவுக்குப் பயம் போய் அழுகை வந்தது. தாயில்லாமல் தூக்கி வளர்த்த பிள்ளை. இவளைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இருப்பது? ஊசியை எடுத்துத் தன் விரலில் ஆழமாகக் குத்தி இடுக்கில் நீட்டினாள்.

"என்ற தங்கச்சிய விட்டுரு" என்று கதவோடு முகம் வைத்துக் கிசுகிசுத்தாள். "அவ புள்ளையவும் விட்டுரு. எங்கூட வந்துரு. பசின்னு ஒரு நாள் விடமாட்டேன், வயிறு நிறையக் குடுக்கறேன். வந்துரு சாமி."

ஜில்லென்ற ஈறு ஒன்று விரலைக் கவ்வியது. பல் இல்லை. பிறந்த குழந்தை போல அது ஆசையாகக் குடித்தது.

மறுநாள் சண்முகசுந்தரத்தோடு வேலை செய்பவர்கள் ஷிப்டு முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஏற்றிய ரத்தம் எங்கும் போகவில்லை. ஹீமோகுளோபின் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. மாதம் முடியுமுன் சுகப்பிரசவம், பெண் குழந்தை. கமலா தங்கையின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். செக்கச்செவேலென்று இருந்தது. சந்தோஷத்தில் டாக்டரம்மாவையே கட்டிக்கொண்டாள்.

தங்கையைச் சண்முகசுந்தரத்தின் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பியவள் முதலில் செய்த காரியம், தன் ரத்தத்தைச் சோதித்ததுதான். பன்னிரண்டரை. மறுவாரமும் அதேதான். விரலில் குத்திய இடம் ஆறி, தழும்புகூட இல்லை. வெயிலும் கவலையும் சேர்ந்து ஆட்டிவைத்திருக்கிறது என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

லேபில் வேலை குவிந்து கிடந்தது. வழக்கம்போல வரிசையில் உட்கார்ந்து ஆட்கள் விரல் நீட்டினார்கள். வழக்கம்போல அவள் குத்தினாள். ஒரு மாதம் போனது. டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "என்னம்மா இது? போன தடவை நல்லா இருந்தவங்களுக்கெல்லாம் இந்தத் தடவை இப்படிக் குறைஞ்சு வருது? சாமான் சரியாயிருக்கா, கண்ணு சரியாயிருக்கா?" என்று கேட்டார். கமலா எல்லாக் குழாயையும் கழுவி, புது ஊசி எடுத்து, மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

அடுத்தது ஒரு சின்னப் பெண், சளிக்காய்ச்சலென்று அம்மா கூட்டி வந்திருந்தாள். கொழுகொழுவென்ற கை. கமலா விரலைப் பிடித்துக் குத்தினாள். ரத்தம் குண்டுமணி போல முளைத்து நின்றது. குழாயை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

முளைத்த சொட்டு அவள் கண்ணெதிரே சிறுத்து, சிறுத்து, காணாமல் போனது. விரல் நுனி துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது.

வயிறு நிறையத் தருவதாக வாக்குக் கொடுத்தவள், யாருடைய ரத்தம் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அதுவும் கேட்கவில்லை.

பெண் நெளிந்துகொண்டு சிரித்தது.

"போதும்னு சொல்லுங்கக்கா. கூசுது."