அம்மாவின் கட்டம்

“போறோமா, இல்லையா? இன்னைக்கே சொல்லணும்!”

பத்து வயது ரித்தீஷ் ஃபிரிட்ஜ் கதவைத் தட்டித் தட்டிக் கேட்டான். அந்தக் கதவில் மாதக்கணக்காக ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘கண்டிக்கோட்டா பயணம், பொங்கல் விடுமுறை’ என்று தலைப்பு. கீழே நான்கு கட்டங்கள்: அப்பா, மோனிஷா, ரித்தீஷ், நான். யார் எதை எடுத்துவர வேண்டும் என்பது அவரவர் கட்டத்தில் இருந்தது. எல்லாம் அம்மா கஸ்தூரியின் கையெழுத்து. அந்த ‘நான்’ அக்டோபர் மாதம் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள்.

கஸ்தூரி காட்பாடியில் புவியியல் டீச்சர். பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசைக் கையில் கொடுத்த வழக்கமே அவளுக்குக் கிடையாது. எங்காவது ஒளித்துவைத்துவிட்டு வரைபடத்தை நீட்டுவாள். வேண்டுமானால் தேடிக்கொள்! ஆகஸ்டில் சக ஆசிரியர்களோடு ஆந்திராவில் இருக்கும் கண்டிக்கோட்டாவுக்கு ஒருநாள் போனவள், அந்த மலைப்பிளவிலும் ஒரு டின்னை ஒளித்துவைத்துவிட்டு வந்திருந்தாள்.

“பொக்கிஷம் அங்க இருக்கு. பொங்கலுக்கு நாலு பேரும் போய் எடுக்கறோம்” என்று வரைபடத்தை மோனிஷாவிடம் கொடுத்தாள். அதுவே அவள் வரைந்த கடைசி வரைபடம். பதினைந்து வயது மோனிஷா அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால் அழுகை வரும். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

“அவ இல்லாம எனக்கு அங்க என்ன வேலை?” என்றார் அப்பா பரந்தாமன். அம்மா போனபிறகு அவர் பேசுவதே இப்படி ஒரு வாக்கியம், அரை வாக்கியம்தான். கலகலவென்று இருந்த மனிதர்!

“அம்மா வெச்சது அங்கதான்பா இருக்கு. வேற யாராவது எடுத்துட்டா?” என்றாள் மோனிஷா.

அப்பா அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்தார். “சரி. அவங்கவங்க கட்டத்துல இருக்கறதை எடுத்து வைங்க. வெள்ளிக்கிழமை விடியக் கிளம்பலாம்.”

பழைய காரில் சித்தூர் தாண்டி, கடப்பா தாண்டி, ஜம்மலமடுகு போய்ச் சேர்ந்து, பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றபோது மாலை நான்கு மணி. அப்பப்பா! இரண்டு பக்கமும் செம்பாறை, அடுக்கடுக்காக, செங்குத்தாக! எங்கோ பாதாளத்தில் பச்சையாகப் பெண்ணாறு! ரித்தீஷ் துள்ளிக் குதித்து, “அம்மா, இங்க...” என்று பின்னால் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. கூடாரத்து மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தான்.

மளமளவென்று கூடாரம் எழுந்தது. அப்பா அடுப்பை வைத்தார். “டீ போடலாம். தீப்பெட்டி எங்க?”

“என் கட்டத்துல இல்லையே” என்றான் ரித்தீஷ்.

“என் கட்டத்துலயும் இல்ல” என்றாள் மோனிஷா.

டார்ச்? இல்லை. மெழுகுவத்தி? இல்லை. வழியெல்லாம் வழி காட்டி ஓய்ந்துபோயிருந்த அப்பாவின் செல்போனுக்கு, காரில் மாட்டும் சார்ஜர் ஒயர்? அதுவும் இல்லை! மோனிஷா பையிலிருந்து அம்மாவின் தாளை எடுத்தாள். நான்கு பொருளும் வரிசையாக நான்காவது கட்டத்தில் இருந்தன, தலைவலித் தைலத்தோடு. மூன்று பேரும் தங்கள் கட்டத்தை ஒன்றுவிடாமல் எடுத்து வந்திருந்தார்கள். அம்மாவின் கட்டத்தை யாரும் தொடவே இல்லை.

முன்பெல்லாம் தன் கட்டத்தில் எதையாவது மறப்பவள் அம்மாதான். முக்கால்வாசி அது தீப்பெட்டியாக இருக்கும். “ஊருக்கெல்லாம் லிஸ்ட் போடற டீச்சர் தன் லிஸ்டைப் பாக்க மாட்டாங்க!” என்று அப்பா வழியெல்லாம் கேலி செய்வார். இப்போது அவர் பாறைமேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“கிளம்பலாம். அவ இல்லாம ஒரு தீப்பெட்டி எடுத்துட்டு வரத் துப்பில்ல நமக்கு. இது சரியா வராது.”

மோனிஷாவுக்குத் தெரியும். இப்போது கிளம்பினால் அப்பா இந்தப் பக்கம் ஒருநாளும் திரும்ப மாட்டார். அம்மா வைத்தது அம்மா வைத்த இடத்திலேயே கிடந்து துருப்பிடிக்கும்.

“டின்னை எடுக்காம நான் வண்டியில ஏற மாட்டேன்!” என்று வரைபடத்தை விரித்தாள். ‘தனியாக நிற்கும் வேப்பமரத்திலிருந்து மேற்கே நூற்றிருபது தப்படி. சாய்ந்து நிற்கும் இரட்டைப் பாறை. உள்ளே இடது பக்கம்.’

அப்பா எழுந்து, அந்த வேப்பமரத்தடியிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார். எழுபது, எண்பது, நூறு...

“அப்பா, நில்லுங்க!” என்று கத்தினாள் மோனிஷா.

காலடியில் கல் சரிந்தது. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. இன்னும் இரண்டு தப்படி வைத்திருந்தால் அதலபாதாளம்! ரித்தீஷ் ஓடிவந்து அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“உங்க நடை பெருசுப்பா. அம்மா குட்டிக்குட்டியா அடி வைப்பாங்கல்ல?” என்றாள் மோனிஷா.

அப்பா மகளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ நட கண்ணு. நீ அவ உயரம் வந்துட்ட” என்றார்.

மோனிஷா மரத்தடிக்குத் திரும்பி, அம்மா நடப்பதுபோல் நடந்தாள். நூற்றிருபதாவது தப்படியில் வலப்புறம் இரட்டைப் பாறை சாய்ந்து நின்றது! நடுவில் ஓர் இருட்டுப் பொந்து.

“பாம்பு கீம்பு இருக்கும். தள்ளு, நான் போறேன்” என்று அப்பா குனிந்தார். தோள் நுழையவில்லை. ஒரு கழியால் உள்ளே தட்டி ஓசை எழுப்பினார். எதுவும் அசையவில்லை. செல்போனில் இரண்டு சதவீதம்தான் மிச்சம். வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு மோனிஷா ஊர்ந்து நுழைந்தாள். இடது பக்கம் ஏதோ பளிச்சிட்டது. அதற்குள் செல்போன் அணைந்தது!

“வெளிய வந்துடு மோனி!”

அவள் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டுக்குள் கையை விட்டாள். கல், மண், மறுபடி கல். பிறகு சில்லென்று ஒரு தகரம்.

“கெடைச்சிடுச்சு!”

அது ஒரு பழைய பிஸ்கட் டின். மூடியைச் சுற்றி டேப். கிழித்துத் திறந்தார்கள். பிளாஸ்டிக் உறையில் ஒரு தீப்பெட்டி! நான்கு மெழுகுவத்தி, ஒரு டார்ச், தைலம், ஆகஸ்டில் வீடு முழுக்கத் தேடிக் கிடைக்காமல் போன சார்ஜர் ஒயர்! அடியில் ஒரு கடிதம். மோனிஷா படித்தாள்.

‘எப்பப் பார்த்தாலும் நான்தான் மறக்கறேன்னு கேலி பண்ணுவீங்களே! இந்தத் தடவை என் கட்டத்தை முன்னாடியே வந்து வெச்சுட்டேன். மத்தவங்க எல்லாம் எடுத்துட்டு வந்தீங்களா? டீ போடுங்க, எனக்கும் சேர்த்து.’

அக்டோபரிலிருந்து பிள்ளைகள் எதிரில் கண்ணீர் விடாத பரந்தாமன், அந்தப் பாறையில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். இரண்டு பிள்ளைகளும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா தீக்குச்சியைக் கிழித்தார். முதல் குச்சியே பற்றிக்கொண்டது. அவர் கட்டத்தில் எழுதியிருந்தபடி நான்கு டம்ளர் இருந்தன. நான்கிலும் டீ ஊற்றினார். நான்காவதை யாரும் தொடவில்லை.

“ஆறிப்போச்சு. வீணாக்கினா அம்மா திட்டும்” என்று கடைசியில் ரித்தீஷ் அதை எடுத்துக் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக வீடு திரும்பினார்கள். மோனிஷா புதுத் தாள் ஒன்றில் மூன்று கட்டங்கள் போட்டாள். அம்மாவின் கட்டத்தில் இருந்ததை இனி மூவரும்தான் பகிர்ந்து சுமக்க வேண்டும். டார்ச் தனக்கு, மெழுகுவத்தி ரித்தீஷுக்கு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“தீப்பெட்டியை எனக்குப் போடு” என்றார் அப்பா.