கடைசிப் பலகை

வெள்ளிக்கிழமை அடித்து இறக்கிய ஆணிகளில் நான்கு, திங்கட்கிழமை காலையில் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சாரத்தின் மேல் நின்ற சோலையப்பன் மேஸ்திரி அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். ஓர் ஆணி தளரலாம். நான்கும் ஒரே பலகையில், அதுவும் கடைசியாக அடைத்த பலகையில் தளர்ந்திருந்தன. பட்டணத்திலிருந்து லாரியில் வந்த இந்தப் பிளாஸ்டர் பலகை, திருமயம் பக்கத்துக்கே புதிது. அதன் குணம் இப்படித்தான் போலும் என்று சொல்லிக்கொண்டு, சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினார்.

அடைக்கப்பச் செட்டியார் வீட்டுக் கூடத்தின் பழைய தேக்கு மச்சுக்குக் கீழே, இரண்டடி இடைவெளி விட்டு, புதுக்கூரை. இன்று அதற்கு மேல்பூச்சு. அதற்கு முன் இணைப்புகளில் சல்லாத்துணி ஒட்டி, ஆணித்தலைகளைச் சாந்தால் மறைக்க வேண்டும். காற்று பட்டால் பூச்சு வெடிக்கும் என்று கதவு சன்னல்களையெல்லாம் அடைத்தாயிற்று. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே பெட்ரோமாக்ஸின் இரைச்சலும், பசையின் புளித்த வாடையும், அதற்கும் அடியில் இன்னொரு வாடையும் தங்கியிருந்தன.

“பெருச்சாளிண்ணே,” என்றாள் கீழே சாந்து குழைத்துக்கொண்டிருந்த சித்தாள் பிச்சையம்மாள். “மேல போயிட்டு வர வழியில்லாமச் செத்திருக்கும்.”

“வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு.”

“பெருச்சாளியச் சொன்னா ஒங்களுக்கு ஏன் கோவம் வருது? சொந்தக்காரவுகளா?” சிரித்தாள். “சரி, திருப்பதி ஆசாரி எப்ப வருதாம்?”

“காரைக்குடி பஸ் ஏறிட்டான்னு சொன்னேன்ல. போய்த் தண்ணி கொண்டா.”

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

திருப்பதி ஆசாரி பஸ் ஏறியதை மேஸ்திரி பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை, மின்விசிறிக்குக் கொக்கி மாட்டத் திருப்பதி புதுக்கூரைக்கு மேலிருந்த இடைவெளிக்குள் ஊர்ந்து போயிருந்தான். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கடைசிப் பலகை ஏறிவிட வேண்டும் என்று செட்டியார் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோலையப்பன் ஒரு குரல் கொடுத்தார். பதில் இல்லை. இறங்கிப் போயிருப்பான் என்று பலகையைத் தூக்கி அறைந்துவிட்டார். மறுநாள் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். பதில் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். கூப்பிடவில்லை. இன்று பூச்சும் ஏறிவிட்டால், அவர் கொலைகாரரா இல்லையா என்பது அவருக்கே தெரியாமல் போய்விடும்.

மேடு பள்ளம் பார்க்க விளக்கைப் பலகைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். சாய்ந்த வெளிச்சத்தில் சிறு பருவும் நிழல் கொடுக்கும். கடைசிப் பலகையில் ஐந்து நிழல்கள் விழுந்தன. விரல்கள் அகன்று அழுத்தியதுபோல் ஐந்து மேடுகள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நகர்ந்தன.

ஓர் ஆணி தலையை வெளியே நீட்டியது. இன்னொன்று.

“திருப்பதி?”

உள்ளே ஏதோ பிறாண்டியது. மெதுவாக. மேஸ்திரி சுத்தியலின் கொம்பால் ஆணிகளைப் பிடுங்கினார். பலகையின் ஒரு விளிம்பு நாலு விரற்கடை இறங்கியது. வாடை முகத்தில் அறைந்தது.

“யாரைத் தேடுறீங்க மேஸ்திரி?”

பின்னால். சாரத்தின் மேலேயே.

திருப்பதி நின்றிருந்தான். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

“அடப்பாவி!” சோலையப்பன் சாரக்கம்பைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது. “ஒன்னைய உள்ள வச்சு அடைச்சிட்டேன்னு… மூணு நாளா நான் சோறு திங்கலடா.”

“நான்தான் வந்துட்டேன்ல. மூடிருவோம்.”

அவன் இரண்டு உள்ளங்கைகளாலும் பலகையை மேலே தள்ளிப் பிடித்தான். சோலையப்பன் ஆணியை வைத்தார். அப்போது இடுக்கிலிருந்து நான்கு விரல்கள் வெளியே வந்து விளிம்பைப் பற்றின. நகங்கள் தேய்ந்து சதை தெரிந்தது. ஆள்காட்டி விரலில் நீலக்கரைத் துணிக்கட்டு. பக்கத்தில் பலகையைத் தாங்கியிருந்த கையின் ஆள்காட்டி விரலிலும் நீலக்கரைத் துணிக்கட்டு. அதே கிழிசல். அதே முடிச்சு.

“மேஸ்திரி…” உள்ளிருந்து. காய்ந்த தொண்டை. “தண்ணி…”

“அடிங்க மேஸ்திரி,” என்றான் பக்கத்தில் நின்றவன். அவன் சிரித்த முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

சோலையப்பன் ஆணிக்கு நேராகச் சுத்தியலை ஓங்கினார்.

விரல்கள் உள்ளே போகவில்லை.