நினைவகத்தில் நின்றவள்

யமிலே அந்த நீர்த்தேக்கக் கரைக்கு வந்து இறங்கியபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. மெதெயின் நகரத்திலிருந்து பேருந்தில் குலுங்கிக் குலுங்கி வந்ததில் உடம்பெல்லாம் வலி. அணைச் சுவரை ஒட்டி எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. படகிலிருந்து ஒலிக்கருவியை நீரில் இறக்கினால், ஒலி தொட்டுத் திரும்பிய இடமெல்லாம் மடிக்கணினியில் புள்ளிகளாக விழும். புள்ளிகள் கூடக் கூட, கண்ணுக்குத் தெரியாத தரை உருவம் பெறும்.

தங்கியது பெட்சபே என்ற அம்மாளின் வீட்டில்; யமிலே அவளை மரியாதையாக ‘டோன்யா’ என்று கூப்பிட்டாள். கரைமேட்டில் தனியாக இருந்த அந்த வீட்டில் எப்போதும் ஈரச்சேற்றின் வாடை அடித்தது. பெட்சபே அரெப்பா என்னும் சோள ரொட்டி சுட்டு வைப்பாள், துணி துவைத்துத் தருவாள். தண்ணீரைப் பார்த்த பக்கம் மட்டும் உட்காரமாட்டாள்.

சில நாளில் மடிக்கணினி திணற ஆரம்பித்தது. ஒரு கோப்பு திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். உள்ளே விசிறி மூச்சு வாங்குவதுபோல் இரைந்தது. நினைவகம் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்துவிட்டதாகக் காட்டியது. தேவையில்லாத சாளரங்களை மூடினாள். தானாகத் தொடங்கும் செயலிகளை நிறுத்தினாள். வைரஸ் இருக்கிறதா என்று தேடினாள். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். கொஞ்ச நேரம் சரியாக ஓடும். பிறகு நினைவகத்தின் அளவைக் காட்டும் பட்டை மெல்ல மெல்ல ஏறும். நினைவகத்தை அதிகம் தின்பது எது என்று பார்த்தால், பட்டியலின் தலையில் புள்ளிகளை வாங்கும் அந்த அளவை மென்பொருள்தான்.

அலுவலகத்தில் கணினி பார்க்கும் ஃபெர்னேயைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“வேலை பாக்கப் போனியா, சீரியல் பாக்கப் போனியா?” என்று முதலில் சீண்டினான். அப்புறம் சொன்னான்: “சில மென்பொருள் அப்படித்தான் யமி, எடுத்த இடத்தத் திருப்பிக் குடுக்காது. வெறும் கோப்பு ஒண்ணத் திறந்துவச்சிட்டு சும்மா பாத்துக்கிட்டிரு. அப்பவும் ஏறிச்சின்னா ஓட்டை அதுலதான்.”

மதியம் மழை வலுத்திருந்தது. வெறும் கோப்பைத் திறந்து வைத்தாள். ஒலிக்கருவி மூலையில், பெட்டிக்குள், காய்ந்து கிடந்தது. கம்பி எதுவும் மாட்டவில்லை.

பட்டை ஏறியது.

கீழே புள்ளிகளின் எண்ணிக்கையும் ஏறியது.

எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க உருவத்தை விரித்தாள். அணையடி இல்லை அது. ஒரு தெரு. கூரையில்லாத வீடுகள். மாதாகோயிலின் பாதிச் சுவர். அணை கட்டியபோது மூழ்கிய லாஸ் அரேனாஸ் என்ற ஊர். அந்தப் பக்கம் அவள் படகே போனதில்லை.

கோயில் படியில் ஏதோ நட்டுக்குத்தலாக நின்றது. கம்பம் என்று நினைத்தாள்.

கம்பம் இடுப்பில் பிள்ளையை வைத்திருக்காது.

காப்பியோடு வந்த பெட்சபே திரையைப் பார்த்தாள். தட்டை மேசையில் வைத்தாள். திரைக்கு அருகே குனிந்தாள்.

“டியோசெலினா,” என்றாள். “ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கிறா பாரு. அவதான்.”

கேட்காமலே சொன்னாள். அணைக்காரர்கள் சொன்ன நாளுக்கு முன்பே தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டதாம். கடைசி லாரியில் சனங்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்களாம். டியோசெலினாவின் தாய் படுத்த படுக்கை; விட்டுவிட்டு ஏற அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளையை மட்டும் கொண்டுபோகச் சொல்லி, இரண்டு கையாலும் தூக்கி நீட்டியபடி லாரியோடு ஓடிவந்தாளாம். ஊரில் ஒருவரும் பாக்கியில்லை என்று அணைக்காரர்கள் பிறகு அறிவித்தார்கள்.

“எனக்கு நேராத்தான் நீட்டுனா, பொண்ணே. என் மடியில கோழிக்கூடு இருந்துச்சு.”

யமிலே திரையைப் பார்த்தாள்.

கோயில் படி காலியாக இருந்தது.

அந்த உருவம் கரைமேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. விசிறி அலறியது. மடிக்கணினியை மூடப் போனாள், விரல் அசையவில்லை. புள்ளிகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. இந்த வீட்டின் படிகள். இந்தக் கதவு. ஒரு மேசை. அதன் முன் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி.

வாசலில் டியோசெலினா.

கை இரண்டும் வெறுமையாக இருந்தன.

யமிலேயின் மடியில் கனம் ஏறியது. குளிர்ந்த கனம். சேற்று நீர் முழங்கால் வழியே தரைக்கு வடிந்தது. குனிந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

“எடுங்க,” என்று முணுமுணுத்தாள். “டோன்யா, எடுங்க.”

பெட்சபே அவள் மடிக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“குடு, டியோசெலினா. நான் வாங்கிக்கிறேன்.”

கனம் அகன்றது. பட்டை சடாரென்று கீழே விழுந்தது. விசிறி நின்றது. சுட்டி தொட்டதும் ஓடியது. திரையில் வெறும் கோப்பு.

மறுநாள் விடிந்ததும் யமிலே பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பெட்சபே தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஒன்றுமில்லாத தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையின் முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. போய்வருகிறேன் என்றாள் யமிலே.

“மெதுவாப் பேசு. இப்பத்தான் கண்ண மூடுச்சு.”

யமிலே படியில் கால் வைத்தாள். பின்னால், பெட்சபேயின் தோளருகே, ஒரு குழந்தை இருமியது. நெஞ்சில் நீர் கோத்த இருமல்.