புயல் இல்லாத தலையும் கசந்த காப்பியும்

மிக்கேலம்மாளின் காதுக்குப் பின்னால் குடியிருந்த மூளைக்காவலி காலை ஏழு மணிக்கு வானிலை வாசித்தது: “இன்று புயல் இல்லை. மருந்து வேண்டாம்.”

அரிசி மணியளவு கருவிதான். மூளைக்குள் எறும்பு தும்மினாலும் அதற்குத் தெரிந்துவிடும் என்று தூத்துக்குடி முழுக்கப் பேச்சு. மார்பில் கிளம்பிய புற்றுநோய் அவள் மூளையில் மூன்று புள்ளி வைத்திருந்தது. முன்னொரு காலத்தில், வலிப்பே வராதவர்களுக்கும் ‘வந்துட்டா?’ என்று தினமும் மாத்திரை கொடுத்து அரைத் தூக்கத்தில் வைத்திருந்தது உண்டு. இப்போது வலிப்புப் புயல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே காவலி ஒரு சொட்டு மருந்து விடும். கிளம்பாவிட்டால் சும்மா இருக்கும். பதினொரு மாதமாகச் சும்மாதான் இருந்தது.

சும்மா இருக்காதவர் கணவர் சவரிராயன். பழைய மாத்திரை டப்பா ஒன்றை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, தினமும் அரை மாத்திரையை அவள் காப்பியில் கலந்தார். விளைவு: ஊர் கேரம் போட்டியின் அரையிறுதியில் மிக்கேலம்மாள் பலகை மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கினாள். எதிராளி அவளைவிட மோசமாக ஆடியதால் பிழைத்தாள்.

வீடு திரும்பும் வழியில் காவலி காட்டிக்கொடுத்தது: “இரத்தத்தில் தேவையில்லாத மருந்து சேர்ந்துவிட்டது.”

“என்னங்க, காப்பில என்ன போட்டீங்க?”

“சீனிதாம்ட்டி! அந்தோணியார் சத்தியமா!”

“நாளைக்கு ஃபைனலு. எனக்கு இன்னும் எத்தனை ஃபைனலு இருக்குன்னு தெரியாது. அதுல தோத்தாலும் முழிச்சிருந்து தோக்கணும், தூங்கிக்கிட்டே தோக்க மாட்டேன்.”

இனிமேல் கலப்பதில்லை என்று சவரிராயன் டப்பாவை அரிசிக்குள் ஆழப் புதைத்தார். ஆனாலும் விடிந்ததும் பயம் வென்றது. அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் விழுந்துவிட்டால்? இரண்டு முழு மாத்திரை பொடியாயின.

முப்பத்தெட்டு வருடமாக, சீனி சரியா என்று ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் அவளுக்கு அவர் காப்பி கொடுத்ததில்லை. குடித்தார். எட்டிக்காய் தோற்றது. சீனி போட்டார், குடித்தார். இன்னும் கசப்பு. மறுபடி சீனி, மறுபடி ஒரு வாய். கடைசியில் கசப்பு போய்விட்டது; காப்பியும் போய்விட்டது.

இறுதிப் போட்டியில் முதல் வரிசையில் அவர் விட்ட குறட்டையில் துறைமுகத்துக் கப்பல்கள் வழிவிட்டன. மிக்கேலம்மாளின் கண் பருந்துக் கண்ணாக இருந்தது. சிவப்பைக் குழியில் தள்ளி, பின்னாலேயே கடைசி வெள்ளையையும் அனுப்பி ஜெயித்தாள்.

மறுநாள் மிக்கேலம்மாள் அவரை இழுத்துப்போக, அவளுக்குக் காவலி பதித்த டாக்டர் மெஹ்ருன்னிசா சவரிராயனின் காதுக்குப் பின்னால் ஓர் அரிசி மணி பதித்தார்.

“எனக்கெதுக்கு டாக்டர்? எனக்குத்தான் ஒண்ணுமில்லயே!”

“இது பயங்காவலி அண்ணாச்சி. உங்களுக்குப் பயம் வர்றதுக்கு முன்னாடியே அம்மாவுக்குச் சொல்லிடும்.”

அன்று முதல் அந்த வீட்டில் ஒரு காது ஓயாமல் அலறுகிறது. நோயுள்ள தலை மட்டும் நிம்மதியாக இருக்கிறது. அலறும்போதெல்லாம் மிக்கேலம்மாள் அவர் கையில் ஸ்டிரைக்கரைத் திணிக்கிறாள்.

“உக்காருங்க, ஒரு ஆட்டம் போடுவோம். இன்னைக்குக் காப்பி நான் போடுதேன்.”