அடக்கிய மூச்சு

கண்ணாடி மேசையில் கிடந்த உடம்பின் மார்பு தணிந்திருந்தது.

தடயவியல் மாணவர்கள் கலைந்து போன பிறகு, படம் தெளிவாகத் தெரிவதற்காகப் பகலிலும் கறுப்புத் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்த அந்தக் கூடத்தில், ஏசியின் உறுமலும் அத்தனை பேர் விட்டுப்போன வியர்வை வாடையும் மட்டும் மிச்சமிருக்க, மேசையின் தொடுதிரையை அணைக்க வந்த ஆசிரியை அப்படியே நின்றுவிட்டாள். அது வெறும் படம். விரலால் கீறினால் தோல் பிரியும், இழுத்தால் விலா எலும்பு விலகும். கடைசியில் ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் மூடிக்கொண்டு பழையபடி ஆகிவிடும். பிணத்தின் நுரையீரலுக்கும் உயிருள்ளவரின் நுரையீரலுக்கும் வித்தியாசம் காட்ட, தன் கணவரின் ஸ்கேனையே மேசையில் ஏற்றியிருந்தாள். “உசுரோட இருக்கும்போதே என்னைக் கூறு போட ஆள் சேத்துட்டியா?” என்று அவர் அப்போது சிரித்திருந்தார். ஸ்கேன் எடுத்தவர் சொன்னபடி மூச்சை இழுத்து அடக்கியிருந்ததால், படத்தில் அவர் மார்பு எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். காலையில்கூட அப்படித்தான் இருந்தது.

இப்போது இல்லை. மாணவர்கள் கழுத்திலிருந்து வயிறு வரை கீறிய பிளவும் திறந்தே கிடந்தது. வகுப்பு முடிந்ததும் பொத்தானை அமுக்க மறந்திருந்தாள்.

வீட்டுக்கு ஃபோன் போட்டாள்.

“என்னங்க, என்ன பண்றீங்க?”

“படுத்திருக்கேன்மா. நெஞ்சுக்குள்ள குளிருது. ஜன்னலத் திறந்து வச்ச மாதிரி.”

அவசரமாகப் பொத்தானை அமுக்கினாள். பிளவு அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். விலா எலும்புகள் நடுங்கின.

“யாரோ நெஞ்ச அமுக்கறாங்க,” என்றார் அவர். “கைய எடுக்கச் சொல்லு.”

அவள் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. வெடுக்கென்று எடுத்தாள்.

பிளவின் ஓரங்கள் மெல்ல நெருங்கின. தோல் சேர்ந்தது. தழும்புகூட இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ஃபோனில் ஒரு நீண்ட மூச்சு உள்ளே இழுபட்டது. கண்ணாடிக்குள் மார்பு எழுந்தது. நிமிர்ந்தது. நின்றது.

பழையபடி.

“என்னங்க?”

சத்தமில்லை. இணைப்பு துண்டிக்கப்படவும் இல்லை.

“முடிஞ்சிடுச்சுங்க. மூச்ச விடுங்க.”

பொத்தானை அமுக்கினாள். மறுபடியும். மறுபடியும்.

“விடுங்க... மூச்ச விட்டுடுங்க.”

மார்பு தணியவில்லை. கண்ணாடிக்குள் அவர் உதடுகள் நீலம் பாரிக்கத் தொடங்கின.